திறக்காத ஆண்டு விழா

பள்ளிக்கூட டீச்சருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று எங்கள் தெருவில் யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைப் போடுவது, அணைப்பது, யாராவது கொண்டுவந்து நீட்டும் ஹால் டிக்கெட்டையோ சாதிச் சான்றிதழையோ பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது. இதற்கே திருச்செங்கோட்டில் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். காபி குடித்துவிட்டு, டீச்சர் இருக்கிற வரைக்கும் நமக்கென்ன கவலை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் அதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். என்னை முழுசாக நம்பிய இன்னொரு ஆள் என் வீட்டுக்காரர். அந்த நம்பிக்கைதான் என்னைப் படாதபாடு படுத்திவிட்டது.

அவர் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயுத பூஜை முடிந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பும் வண்டி, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றிவிட்டு, அங்கே மழை பிடித்து நிலம் சேறான பிறகுதான் ஊர் திரும்பும். ஆகவே கல்யாணமான நாளிலிருந்து எனக்கு மழைக்காலத்தில் மட்டும்தான் வீட்டுக்காரர். எங்கள் ஒரே மகளுக்கும் மழைக்காலத்தில் மட்டும்தான் அப்பா. காதுகுத்தை அவருக்காக ஆவணியில் வைத்துக்கொண்டோம். பிறந்த நாள் தையில் வந்தது, அதற்கு என்ன செய்ய? பள்ளிக்கூடத்து ஆண்டு விழா மாசியில். டிரில்லர் வரட்டும் என்று அதை யார் தள்ளிவைப்பார்கள்?

அதனால் எல்லாவற்றையும் நான் போனில் வீடியோ எடுத்தேன். நடக்கப் பழகியது, முதல் பல் விழுந்தது, சைக்கிள் ஓட்டிச் சாக்கடையில் இறங்கியது, மேடை ஏறியது. போன் நிறைந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, என்ன விசேஷம் என்று தமிழில் பெயர் போட்டு வைப்பேன். அவரிடம் அப்போது இருந்தது பேச மட்டும் ஆகும் போன். மகள் எட்டாவது, ஒன்பதாவது வந்த பிறகுதான் அவர் கைக்கும் டச் போன் வந்தது; அதற்குப் பிறகு உள்ளதை வாட்ஸ்அப்பில் பார்த்தார். சின்ன வயசு மட்டும் கம்ப்யூட்டரோடு நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் மாதங்களோ வண்டி வேலை, கோயில், கெடா விருந்து என்று ஓடிவிடும். ஓய்ந்து உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், பத்திரமாக வை என்பார். பத்திரமாகத்தான் வைத்தேன். அந்தத் தைரியத்தில்தான் பழைய போன்களைத் தெருவில் கூவிக்கொண்டு வந்த ஆளிடம் போட்டுவிட்டு பிளாஸ்டிக் அன்னக்கூடை வாங்கினேன். கூடை இன்னும் நன்றாக உழைக்கிறது.

போன ஆவணியில் மகள் கல்யாணம் முடிந்து பெங்களூருக்குப் போனாள். அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு வண்டி கிளம்பியபோது இவர் கிளம்பவில்லை. முதுகுத்தண்டு தேய்ந்துவிட்டது, இனி துளை போடும் இரும்பு ராடு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தை மாதத்தில் வீட்டில் இருந்தார். தையில் எங்கள் வீட்டு எந்த ஜன்னலில் வெயில் விழும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாப்பாவைப் போடு என்றார். ஆரம்பத்திலிருந்து போட்டேன். குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறது, அவ்வளவுதான். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். போதும் என்று எழுந்துவிட்டார். அடுத்ததைப் போடட்டுமா என்றால், நாளைக்கு என்றார். வண்டியில் அப்படித்தானாம். வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கு டின்னை வந்த வேகத்தில் காலி பண்ணிவிட்டால் மீதி மாதங்களை எதை வைத்து ஓட்டுவது? நாளுக்கு ஒன்று என்று எடுத்தால் ஹோலி வரைக்கும் வருமாம். மகளையும் அதே மாதிரி நாளுக்கு ஒன்றாகப் பார்த்தார். நாளைக்கு என்ன என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்வார். நான் பெயரைப் படித்துச் சொல்வேன். இதையெல்லாம் மகளிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு வேறு. மனுஷனுக்கு வெட்கம்.

இப்படியே தவழ்ந்து, நடந்து, மகள் எல்கேஜி வரைக்கும் வந்துவிட்டாள். அடுத்தது அவளுடைய முதல் ஆண்டு விழா. காய்கறி வேஷத்தில் அவள் தக்காளி. அதற்காக அவர் ரொம்ப ஆசையாக இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பென் டிரைவ் வந்து சேர்ந்தது. வண்டியில் பாட்டுக் கேட்கும் பென் டிரைவ். வடக்கே எந்தச் சந்தையில் வண்டி நின்றாலும் அங்கே ஒரு செல்போன் கடையில் அதைக் கொடுத்துப் புதுப் பாட்டு ஏற்றிக்கொள்வது இவர்கள் பழக்கம். அது எத்தனை கடைத் தண்ணீரைக் குடித்திருக்குமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வண்டி கிளம்பும்போது கூட வேலை செய்தவர்கள் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அதை இவர் கையில் கொடுத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில், வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பாட்டுக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு ஆரம்பித்தது.

முதலில் மந்தம். ஸ்விட்சைப் போட்டுவிட்டு நான் போய்ச் சட்னி அரைத்துத் தாளித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு யாரும் கேட்காமலே பெட்டி பெட்டியாக விளம்பரம்: ரம்மி ஆடு, தொப்பையைக் குறை, உனக்குப் பரிசு விழுந்திருக்கிறது. தக்காளி வேஷத்தைப் போட்டுப் பார்த்தோம். படம் திக்கித் திக்கி நகர்ந்து, மேடைத் திரைச்சீலை மட்டும் தெரிந்து, அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். டீச்சர் பார்த்துக்கொள்வாள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

டீச்சர் என்ன பண்ணினாள்? அணைத்துப் போட்டாள். ஒயர்களைப் பிடுங்கித் துடைத்துச் செருகினாள். மூடியைக் கழற்றிப் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினாள். கூட வேலை செய்யும் டீச்சர் ஒருத்தி சொன்னாள் என்று வைரஸ் சுத்தம் செய்யும் இலவசச் சமாச்சாரம் ஒன்றை நெட்டிலிருந்து இறக்கினாள். அது தன் பங்குக்கு இன்னும் நாலு விளம்பரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சரியாகிவிட்டதா என்று கேட்பார். ஆச்சு ஆச்சு என்று நான் எரிந்து விழுவேன். ஆகவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். கைக்கு எட்டிய தூரத்தில் பிள்ளை இருக்கிறாள், எடுத்து இந்த மனுஷன் மடியில் போடத் தெரியவில்லையே என்று.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவு பண்ணியிருந்தோம். அதற்கு இரண்டு நாள் முன்னால் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை முழுக்க ஆங்கிலம். பகலில் சிவப்புப் பெட்டி ஒன்று மின்னி மின்னி வந்ததாம். ஆபத்து என்பது மாதிரி ஆச்சரியக்குறி, இங்கே அழுத்து என்று அம்புக்குறி. அழுத்தியிருக்கிறார்.

என்னைக் கேட்காமல் எதற்கு அழுத்தினீர்கள் என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் குரல் உயரவில்லை.

"வண்டில செவப்பு லைட்டு மின்னுனா ஒடனே அமுத்தோணும் புள்ள. கம்ப்ரசர் வெடிச்சா ஆளு மிஞ்சாது. நீ வார வரைக்கும் அதைப் பாத்துக்கிட்டா ஒக்காந்திருக்க முடியும்?"

இத்தனை வருஷமும் அவர் முழு ஆளாக வீடு திரும்பியதே சிவப்பு விளக்கைக் கண்டதும் கை தானாகப் போனதால்தான். அதே கைதான் இதையும் அழுத்தியிருக்கிறது. திட்டவும் முடியாமல், சரி பண்ணவும் தெரியாமல், தோளில் பையோடு அப்படியே நின்றேன்.

வீடியோக்களின் பெயர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. நான் போட்ட பெயர்கள்தான். ஒவ்வொன்றின் வாலிலும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முன்பு பெயருக்கு மேலே சின்னதாகத் தெரிந்த முகங்களைக் காணோம், எல்லாம் வெள்ளைத் தாள். எதை அழுத்தினாலும் திறக்கவில்லை.

மகளைக் கூப்பிட்டேன். வீடியோ காலில் திரையைக் காட்டச் சொன்னாள். நெட் ஒயரைப் பிடுங்கச் சொன்னாள். திரையில் இருந்த ஆங்கிலத்தை முழுசாகப் படித்தாள். வேறு எங்காவது காப்பி இருக்கிறதா என்று கேட்டாள். அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த அன்னக்கூடை என் கண்ணில் பட்டது. இல்லை என்றேன்.

"உட்டுத் தள்ளும்மா. சின்ன வயசு வீடியோவையெல்லாம் இனி யாரு பாக்கப் போறாங்க?" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை, அவளுக்கு என்ன தெரியும்? அவளுடைய அப்பா போன் திரைக்குள் விழாமல் ஓரமாக நின்றுகொண்டு, சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கையை ஆட்டினார். நானும் சரி சாமி என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு சங்ககிரி வழியாகச் சேலம் போனோம். அவர் பாரம் தூக்கக் கூடாது என்று நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். உட்கார்ந்ததும் என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கடைக்காரர் பொறுமையான மனிதர். எங்கேயோ இருக்கும் திருடர்கள் பூட்டிவிட்டார்கள், சாவி அவர்களிடம்தான் இருக்கிறது, வெளிநாட்டுக் காசாகக் கேட்பார்கள், கொடுத்தாலும் திறந்துவிடுவார்கள் என்று நிச்சயமில்லை, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள் என்று விளக்கினார். இந்த மாதிரி எத்தனையோ பெட்டி வந்து போகிறதாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிசாக்கித் தரட்டுமா என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இவர் குறுக்கிட்டார்.

"இப்ப அது உள்ள இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இருக்குதுங்கய்யா. தெறக்கத்தான் முடியாதுங்க."

"அப்ப இருக்கட்டுங்க. அழிச்சுப்போடாதீங்க."

வைரஸை மட்டும் எடுத்துவிட்டு, பூட்டிக் கிடப்பதை அப்படியே விடச் சொன்னார். என்றைக்காவது யாராவது சாவியைக் கண்டுபிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம் என்று கடைக்காரர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில், கிணறு போடும்போது தண்ணீர் வராவிட்டாலும், அடியில் ஈரம் தட்டிவிட்டால் குழியை மூடச் சொல்லி யார் கேட்டாலும் தான் ஒத்துக்கொண்டதில்லை என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இது குழி இல்லை என்று எப்படிச் சொல்வது?

கம்ப்யூட்டர் இப்போது பறக்கிறது. ஸ்விட்சில் இருந்து கையை எடுப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள், டீச்சர் எப்படியோ சரி பண்ணிவிட்டார் என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

வந்த மறுநாள் சாயங்காலம் அவர் வழக்கமான நேரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. அந்தப் பெயர்களைத் திறந்து வைத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்: பாப்பா ஆண்டு விழா தக்காளி. கையைப் பிசைந்துகொண்டு நிற்பதற்குப் பதிலாக, வாயாலாவது சொல்லிவிடுவோம் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். தலையில் பச்சைக் காம்பு வைத்துத் தைத்த தொப்பி, அளவு பெரிதாகிவிட்டது, மேடை ஏறியதும் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கிவிட்டது என்றேன்.

மீதியை அவர் சொன்னார். தொப்பியைத் தூக்கிவிடாமலே அவள் பாட்டை முழுசாகச் சொன்னது, மைக் நின்றுபோனது, அது தெரியாமல் அவள் கத்தியது, கடைசியில் வெண்டைக்காய் வந்து தொப்பியை எடுத்துவிட்டு, கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனது. வெண்டைக்காயை நான் மறந்தே போயிருந்தேன். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீதான போன்ல சொன்ன. டெய்லி கம்ப்ரசரை நிறுத்திப்போட்டு, டவர் கெடைக்கற மேட்டுக்கு நடந்து போயிக் கேப்பேன். கதையெல்லாம் எனக்குத் தெரியும் புள்ள. தொப்பிய எடுத்தப்புறம் மூஞ்சிய எப்புடி வெச்சிருந்தா, அதுதான் தெரியாது. அதைப் பாக்கத்தான் ஒக்காந்தேன்."

எனக்குத் தெரியும். கீழே முதல் வரிசையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தானே. கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது: வேர்த்து, கன்னத்துச் சிவப்புச் சாயம் கழுத்து வரைக்கும் இறங்கி, கூட்டத்தைப் பார்த்து ஒரு கோணல் சிரிப்பு. எடுத்து அவர் கையில் கொடுக்கத்தான் வழியில்லை. இப்படி எழுதிப் பார்த்தாலும் அது வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை. என்னவோ சொல்லப் போய், "உங்களாட்டந்தானுங்க இருந்தா" என்று மட்டும் சொன்னேன்.

"என்னைய நான் எங்க புள்ள பாத்தேன்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். அவர் அழவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்கு என்ன என்று கேட்டார். அடுத்த பெயரைப் படித்துச் சொன்னேன்.