ஒரு தோலுக்கு அறுபதாயிரம் முறை

ஆம்பூருக்கு வெளியே இருக்கும் ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து அந்த போன் வந்தபோது நான் வேலூரில் எங்கள் அலுவலகத்தில் இருந்தேன். அலுவலகம் என்றால் நாலு பேர், மூன்று மேசை. பதப்படுத்திய தோலின் பரப்பை அளக்கும் மெஷின்களுக்கு மென்பொருள் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு.

பெல்ட்டின் ஒரு முனையில் ஆபரேட்டர் தோலை விரித்துவிடுவார். அது ஒரு வரிசை விளக்குகளுக்கு அடியில் போகும். எந்தெந்த இடத்தில் தோல் வெளிச்சத்தை மறைக்கிறது என்பதைக் கீழே இருக்கும் சென்சார்கள் சொல்லும். மறுமுனையில் வெளிவரும்போது தோலின் பின்பக்கத்தில் இத்தனை சதுர அடி என்று முத்திரை விழுந்திருக்கும். சென்சார்கள் சொல்வதைச் சதுர அடியாக மாற்றுகிற புரோகிராமை எழுதியது நான். இரண்டு வருடமாக ஒரு புகாரும் வந்ததில்லை. அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் கூட உண்டு.

போனில் பேசியவர் அங்கே தோல் அளக்கும் பிரிவின் சூப்பர்வைசர். அங்கே எல்லோருக்கும் அவர் பாய்.

"மேடம், பெல்ட் நடுவுல நடுவுல நின்னு நின்னு போவுது. ஆபரேட்டர் கை ஸ்லோன்னுதான் நெனைக்கிறேன். திங்கக்கெழமைலேர்ந்து ஆள மாத்தறேன். எதுக்கும் நீங்க ஒருதரம் வந்து பாத்துடுங்க, அப்பறம் பேஜாரு வேணாம்."

அது வெள்ளிக்கிழமை. பஸ் பிடித்து, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

காலையில் அந்த மெஷினில் ஆட்டுத் தோல் ஓடும். அதற்கு ஓர் ஆபரேட்டர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாட்டுத் தோல். அதற்கு வேறொருவர். நான் போனபோது ஆட்டுத் தோல் தடையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாய் கையை விரித்துக் காட்டினார். "பாருங்க, இப்ப நிக்குதா? மத்தியானம் அந்தம்மா வந்தாதான் நிக்கும்."

அந்த அம்மா அப்போது பக்கத்து மேசையில் அளந்து முடித்த தோல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மாதனூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். பாய் சொன்னது அவர் காதில் விழாமல் இருக்க வாய்ப்பில்லை. நிமிரவே இல்லை. பாய் நகர்ந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் சொன்னா யாரும் கேக்கல மேடம். ஆட்டுத் தோலுக்கு ஒன்னும் ஆவாது. மாட்டுத் தோலுக்குத்தான் நிக்கும். அதுலயும் கழுத்துப் பக்கம் நல்லா போவும். வயிறு அகலமா வர்ற எடம் வந்தா நிக்கும். ரெண்டு மாசமாத்தான் மாட்டுத் தோல் ஆர்டர் ஜாஸ்தி. அதான் இப்ப தெரியுது."

இதைவிடத் தெளிவாக ஒரு பழுதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு நான் செய்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும். "பாக்கலாங்க்கா" என்று சொல்லிவிட்டு, சென்சாரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கேபிளை மாற்றினேன். கேபிள்தான் என்று பஸ்ஸிலேயே முடிவுகட்டி, புதிதாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

மதியம் அந்த அக்கா பெல்ட் முனைக்கு வந்தார். தோலை உதறி, இரண்டு கையாலும் சுருக்கம் நீவி, பெல்ட்டில் விட்டார். கை வேகத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது தோலில் பெல்ட் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம், பிறகு போனது. ஐந்தாவதில் மறுபடி. அவர் சொன்னது போலவே தோலின் நடுவில், வயிற்றுப் பக்கத்தில்.

கேபிள் இல்லை என்று தெரிந்துபோனது. லேப்டாப்பை மெஷினின் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரின் பிராசசருக்கு இரண்டு நிலைகள் உண்டு. என்னைப் போன்றவர்கள் எழுதும் புரோகிராம்கள் ஓடுவது யூசர் மோடில். அங்கே கணக்குப் போடலாம், ஒப்பிடலாம். ஆனால் சென்சாரையோ திரையையோ நேரடியாகத் தொட முடியாது. தொட வேண்டுமென்றால் கெர்னலைக் கேட்க வேண்டும். இயங்குதளத்தின் உட்கரு அது. கேட்ட மாத்திரத்தில் பிராசசர் கெர்னல் மோடுக்கு மாறி, வேலையை முடித்து, விடையோடு யூசர் மோடுக்குத் திரும்பும். ஒரு தடவை போய்வர ஆகும் நேரம் ஒன்றுமே இல்லை. கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கில் போய்வந்துவிடும்.

பிராசசர் எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்டும் இரண்டு எண்களைத் திரையில் ஓடவிட்டேன். என் புரோகிராம் கணக்குப் போடும் புரோகிராம். பெரும்பகுதி யூசர் மோடில்தான் இருக்க வேண்டும். திரையில் தலைகீழாக இருந்தது. மாட்டுத் தோல் உள்ளே வந்ததும் கெர்னல் பக்கத்து எண் எகிறியது. தோல் வெளியே போனதும் இறங்கியது.

எதற்காக இத்தனை முறை உள்ளே போகிறது என்று பார்க்க, ஒவ்வொரு மாற்றத்தையும் பிடித்து எழுதிக்காட்டும் ஒரு கருவியைப் போட்டேன். அதுதான் அன்றைய இரண்டாவது தப்பு. அந்தக் கருவி ஒவ்வொரு முறையும் புரோகிராமை நிறுத்தி, குறித்துக்கொண்டு, பிறகுதான் போகவிடும். பெல்ட் அப்படியே படுத்துவிட்டது. ஒரு தோல் முழுசாக உள்ளே போகவில்லை. பின்னால் தோல் குவியத் தொடங்கியது. பாய் ஓடிவந்தார்.

"இன்னா மேடம், இருந்ததும் போச்சே!"

"நான் பாக்கறதாலதான் பாய் நிக்குது. பாக்கறத நிறுத்தினா ஓடும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பதில் எவ்வளவு அபத்தமாகக் காதில் விழுந்திருக்கும் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. கருவியை எடுத்துவிட்டேன், பெல்ட் ஓடியது, அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அக்கா மட்டும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் சரியாகப் பார்த்தோம்.

பிறகு வேறு வழியில் போனேன். யாரையும் நிறுத்தாமல், கெர்னல் தனக்குள்ளேயே வைத்திருக்கும் எண்ணிகளை ஓடவிட்டு, ஒரு தோல் முழுசாகப் போனதும் மொத்தத்தை மட்டும் படிப்பது. அக்காவிடம் சொன்னேன்: "நீங்க தோல விடறப்ப ஒரு கொரல் குடுங்க. முடிஞ்சதும் இன்னொன்னு."

"போவுதும்மா" என்பார். "வந்துடுச்சு" என்பார். மேடம் எப்போது ம்மா ஆனது என்று நான் கவனிக்கவில்லை. இப்படிப் பத்துத் தோல் பார்த்தோம். கடைசியில், ஒப்பிட்டுப் பார்க்க, காலையில் மிஞ்சிய ஓர் ஆட்டுத் தோலையும் விடச் சொன்னேன். ஆட்டுத் தோலுக்குப் பன்னிரண்டாயிரம் முறை கெர்னலுக்குள் போய்வந்திருந்தது. மாட்டுத் தோலுக்கு ஏறக்குறைய அறுபதாயிரம்.

டீ நேரம். இரண்டு டம்ளரோடு அக்கா வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா அது, போறது வர்றதுன்னு எண்ணிட்டே இருந்தியே?"

சொன்னேன். என் புரோகிராம் சென்சாரை நேராகத் தொட முடியாது, கெர்னலைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் போய்வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஒரு தோலுக்கு அறுபதாயிரம் தடவை போகிறது என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒவ்வொன்னா எதுக்குப் போயி வாங்கணும்? ஒரே தடவைல மொத்தமா வாங்கிட்டு வந்தா ஆவாதா?"

"மொத்தமாத்தாங்க்கா வாங்கறேன். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சென்சாரிடமிருந்து படிக்கும் இடம். ஒரு தடவையில் எத்தனை எழுத்து, அதாவது எத்தனை பைட், வேண்டும் என்று கேட்கும் இடத்தில் இருந்த எண், ஒன்று.

ஞாபகம் வந்தது. மேசை மேல் வைத்துச் சோதித்த நாட்களில், வருவது சரியாக வருகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பதற்காக ஒன்று என்று போட்டிருந்தேன். பிறகு மாற்ற வேண்டுமென்று நினைத்திருந்தேன். மாற்றவில்லை. தோல் மறைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் சென்சார் ஓர் எழுத்து அனுப்பும். ஆட்டுத் தோல் குறுகல், புள்ளிகள் கம்மி, சமாளித்துக்கொண்டது. மாட்டுத் தோலில் வயிறு அகலம். அங்கே புள்ளிகள் குவியும், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை உள்ளே போய்வர வேண்டும், பிராசசர் பின்தங்கும், அளவு தவறிவிடக் கூடாதே என்று பெல்ட் நின்று காத்திருக்கும். அந்த அக்கா காலையிலேயே சொன்னதற்குக் காரணம் இவ்வளவுதான்.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"என் தப்புங்க்கா" என்றேன். "நீங்க சொன்னதுதான். ஒவ்வொன்னாத்தான் வாங்கிட்டிருக்கேன்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். "செரி, மாத்து. அப்பறம் பாய்கிட்ட நீயே சொல்லிடும்மா" என்றார்.

அந்த ஒன்றை எடுத்துவிட்டு, ஒரு வரிசைப் புள்ளிகள் முழுவதையும் ஒரே முறையில் கேட்கும்படி மாற்றினேன். நாலு வரி. சரிபார்த்து மெஷினில் ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது. "போவுதும்மா" என்று அக்கா குரல் கொடுத்தார். அடுக்கில் இருந்ததிலேயே பெரிய தோலைத் தேடி எடுத்து விட்டிருந்தார். கழுத்து போனது, வயிறு போனது, வால் பக்கம் போனது. "வந்துடுச்சு!" முத்திரை விழுந்த தோல் அந்தப் பக்கம் வழுக்கி இறங்கியது. எண்ணியைப் படித்தேன். நானூற்றுச் சொச்சம். நம்பிக்கை வராமல் இன்னும் இருபது தோல் விடச் சொன்னேன். ஒன்றில்கூட நிற்கவில்லை.

பாயிடம் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: பழுது புரோகிராமில்தான், அதை எழுதியது நான், இந்த அம்மாவின் கையில் எந்தக் குறையும் இல்லை, எந்த இடத்தில் நிற்கிறது என்று சரியாகச் சொன்னதும் அவர்தான். எங்கள் மென்பொருளையே தூக்கிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது.

பாய் பெல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு வருஷமாவா?"

"ஆமாம் பாய்."

"நல்ல வேள, நீங்களே வந்து சொன்னீங்க. இல்லேன்னா நான் அந்தம்மாவ திட்டிக்கிட்டே இருந்திருப்பேன்." நேராகப் பெல்ட் முனைக்குப் போனார். "யம்மா, திங்கக்கெழம நீ இங்கயே நில்லு. ஆள மாத்தல."

"நான் ஸ்லோன்னீங்களே பாய்?"

"சொன்னேன். தப்புதான். இன்னா பண்ணச் சொல்ற?"

"ஒன்னும் பண்ண வேணாம். நாளைக்கி நான் எதனா சொன்னா காதுல வாங்குங்க, போதும்."

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அக்கா எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்திருந்தார். மாதனூரில் இறங்கி வேலூர் பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்றார். வழியெல்லாம் அவர் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டிருக்கும் நிலக்கடலையைப் பற்றியும், கிணற்றில் ஏறியிருக்கும் தண்ணீரைப் பற்றியும், பாகாயத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை வரப்போவதைப் பற்றியும் பேசினார். வெயில் இறங்கி, பாலாற்றுப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. ஒரு தப்பு வெளிப்பட்ட நாளில் இத்தனை லேசாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாதனூரில் அவர் கணவர் டிவிஎஸ்ஸோடு காத்திருந்தார். "இவங்கதான் மெஷின் ரிப்பேர் பண்ணவங்க" என்று அக்கா என்னைக் காட்டினார். ரிப்பேருக்குக் காரணமே நான்தான் என்பதைச் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

"அப்பாடா" என்றார் கணவர். "ஒரு வாரமா சோத்துல ஒக்காந்தாலும் மெஷினு, எழுந்தாலும் மெஷினு. இனிமே எங்க வீட்டு மாட்டப் பத்தியும் ரெண்டு வார்த்த பேசுவா."

வண்டி கிளம்பியதும் அக்கா திரும்பிக் கையசைத்தார். வேலூர் பஸ் கூட்டமாகத்தான் வந்தது. நின்றுகொண்டே வந்தேன். அடுத்த வாரம் மற்ற தொழிற்சாலைகளுக்கெல்லாம் போன் போட்டு, ஒவ்வொரு மெஷினிலும் அந்த ஒன்றை மாற்ற வேண்டும் என்று மனசுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டேன். யாரிடம் முதலில் பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்றெல்லாம் யோசித்தேன். பள்ளிகொண்டா தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது.