செபமாலைக் கணக்கில் வெந்த தேன் கேக்

பக்கத்து வளவுக் கலிஸ்ராக்காவைப் பற்றி எழுதுகிறேன். மாத்தளன் கடற்கரையில் கருவாடு காயப்போட்டு விற்பவர். பெரிய ஆள் இல்லை. ஆனால் தேன் கேக் என்றால் எங்கள் பங்கில் அவர்தான்.

அவரிடம் கேக் சுடும் போறணை அடுப்பு இல்லை. பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, அதன் மேல் கேக் தகரத்தை இறக்கி, தகர மூடியால் மூடி, மூடிக்கு மேலும் சிரட்டைத் தணலைக் கொட்டுவார். மணிக்கூடும் ஓடாது. சண்டைக் காலம், வவுனியாவிலிருந்து பற்றறி இந்தப் பக்கம் வர ஆமிக்காரர் விடமாட்டார்கள். சுவரில் தொங்கிய மணிக்கூடு மூன்று வருசமாக நாலேகால் காட்டியபடி இருந்தது. அதனால் அவர் கேக்குக்கு நேரம் பார்ப்பது செபமாலையில்தான். இரண்டு முழுச் செபமாலை, அதற்குப் பிறகு ஒரு மாதா பிரார்த்தனை. ஆமென் சொல்லி மூடியைத் திறந்தால் கேக் பொன்னிறமாக இருக்கும்.

செபத்தை மணிக்கூடாக்குவது பாவமோ என்று எனக்கு மனதில் உறுத்தல். சுவாமியாரிடம் கேட்டேன். "கேக் சுடாத நாளிலையும் சொல்லுறாவோ?" என்றார். "ஓம் சுவாமி, ஒவ்வொரு நாளும்" என்றேன். "அப்ப பரவாயில்லை. எனக்கும் ஒரு துண்டு கொண்டு வாங்கோ" என்றார்.

செபமாலை தொடங்கினால் கலிஸ்ராக்கா முடியும்வரை வேறு ஒரு சொல் சொல்லமாட்டார். ஒருநாள் காலடியில் பாம்பு வந்தது. இரண்டு காலையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். பாம்பும் போகாமல் கிடந்தது. "பாவம், அதுவும் செபமாலையில ஒரு பத்து முழுக்கக் கேட்டுட்டுத்தான் போனது" என்று பிறகு சந்தோசப்பட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பெரிய மனக்கவலை இருந்தது. முள்ளியவளையில் கட்டிக்கொடுத்த தமக்கை யூலியானா ஆறு வருசமாக அவருடன் கதைப்பதில்லை. ஒரு கலியாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால், "இவளின்ர கேக் இருமல் மருந்து மாதிரி" என்று தமக்கை சொல்லிவிட்டார். "உங்கட கேக்கை வைச்சு வள்ளத்துக்கு ஓட்டை அடைக்கலாம்" என்று இவர் திருப்பிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஆறு வருசம்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, யேசு பிறந்த நத்தாருக்கு முதல் கிழமை, மீன் ஏற்ற வந்த ஒருவரிடம் யூலியானா சொல்லி அனுப்பினார்: "சனிக்கிழமை பின்னேரம் வாறன். அவள் வாய் திறந்து முதல் கதைச்சால் இருப்பன். கதைக்காட்டில் வாசலோட திரும்பிப் போயிடுவன். பிறகு செத்த வீட்டுக்கும் வரமாட்டன்."

கலிஸ்ராக்கா அழுதார், சிரித்தார், பிறகு கேக் சுட முடிவு செய்தார். நிவாரண மா சேர்த்து வைத்திருந்தது. ஒட்டுசுட்டான் காட்டுத் தேன் ஒரு போத்தல். முட்டை அவருடைய கோழி ஐந்து, என்னுடைய கோழி மூன்று. கறுவா, ஏலம், கராம்பு இடித்த வாசம் கோயில்வரை போயிருக்கும்.

சனிக்கிழமை காலை தணல் போட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு மணிக்கும் மந்திரத்தின் முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியை நான் சொன்னேன். முதல் செபமாலை முடிந்தது. மூடித் தணலை மாற்றினார். இரண்டாவதில் மூன்றாம் பத்து நடக்கும்போது வேலிப் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. பார்த்தால் யூலியானா! உழவு இயந்திரமொன்றில் பாதி வழி இடம் கிடைத்ததால் பின்னேரம் வரவேண்டியவர் காலையிலேயே வந்துவிட்டார். பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி அவருடைய கணவர் மத்தேயு.

கலிஸ்ராக்கா பார்த்தார். கண் நிறைந்தது. கை நீண்டது. வாய் மட்டும், "அருள் நிறைந்த மரியே..."

யூலியானா கணவரிடம் திரும்பினார். "பாத்தீங்களோ? என்னைக் கண்டும் ஒரு வா எண்டு இல்லை. இஞ்சேருங்கோ, சைக்கிளைத் திருப்புங்கோ."

"தண்ணியாவது குடிச்சிட்டுப் போவமப்பா" என்றார் மத்தேயு.

"அவளின்ர தண்ணி எனக்கு வேண்டாம்."

நான் யூலியானாவுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஆனால் மறுபாதி என்னுடைய முறை. அதை முடிக்க முன்னம் கலிஸ்ராக்கா அடுத்ததைத் தொடங்குகிறார். மூச்சு விட இடமில்லை. கடைசியில் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படலைக்கு ஓடினேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ! கேக் அடுப்பில... செபமாலை... மூண்டாம் பத்து..."

"என்ன பிள்ளை, உனக்கு மூச்சு முட்டுதோ?"

மறுபாதி சொல்ல ஆளில்லாமல் கலிஸ்ராக்கா தனியே. எழும்பி வாசலுக்கு வந்து, தமக்கையின் முகத்தைப் பார்த்து, வள்ளத்தில் நிற்பவரைக் கரையிலிருந்து கூப்பிடுவது போல முதல் பாதியைச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். பார்த்துக்கொண்டே நின்றார்.

சின்ன வயதிலிருந்து பின்னேரம் தவறாமல் சொல்லி வளர்ந்த வாய். முதல் பாதி காதில் விழுந்தால் சும்மா இருக்குமா? ஒரு கால் றோட்டில் நிற்கிறது, முகம் உம்மென்று இருக்கிறது, ஆனால் யூலியானாவின் வாய், "அர்ச்சிஷ்ட மரியாயே..." என்று தொடங்கிவிட்டது. மத்தேயு தொப்பியைக் கழற்றினார்.

அடுத்ததற்கும் பதில் வந்தது. அதற்கடுத்ததற்குக் கால் உள்ளே வந்தது. பத்து முடியும்போது யூலியானா என் கதிரையில் இருந்தார்.

ஆனால் அவர் மறுபாதியைக் கோயில் பெருநாள் போல இழுத்து, இழுத்துச் சொல்பவர். நான் ஒன்று சொல்கிற நேரத்துக்கு அவர் அரைவாசிதான் சொல்வார். கலிஸ்ராக்கா தன் பாதியை ஓட்டமாக ஓட்டிப் பார்த்தார். அவரோ இன்னும் உருக்கமாக இழுத்தார். பிரார்த்தனை முடிந்தது, ஆமென் வரப்போகிறது என்று நினைக்க, மத்தேயு கண்ணை மூடிக்கொண்டு, "மாமா, மாமியின்ர ஆன்மாவுக்காகவும் ஒண்டு சொல்லுவம்" என்றார். செத்த தாய் தகப்பனுக்கு வேண்டாம் என்று யார் சொல்வது? அது முடிய யூலியானா, "கடலில போனவைக்காகவும்" என்றார். கலிஸ்ராக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் சட்டியைக் காட்டினார். புகை வந்துகொண்டிருந்தது. நான் குறடால் மூடியை இழுத்துத் தணலைத் தள்ளினேன்.

ஆமென்.

"அக்கா, வாங்கோ! ஐயோ, கேக்!"

அடி கரிந்துபோய்விட்டது. மேலே நல்லாக இருந்தது. கத்தியால் கரியைச் சுரண்டி, சூட்டோடு நாலு பேரும் கையால் பிய்த்துத் தின்றோம்.

"சரி, நீங்கள்தான் முதல் கதைச்சது" என்றார் கலிஸ்ராக்கா. "நான் செபத்தில இருக்கேக்க, படலையில நிண்டு கத்தினது நீங்கள்."

"அது இவரோட கதைச்சது. உன்னோட இல்லை."

"அப்ப நான்தான் முதல் கதைச்சனான். உங்கட முகத்தைப் பாத்து எவ்வளவு சத்தமாச் சொன்னனான்!"

"அது மாதாவுக்குச் சொன்னது. மாதாவோட எனக்குக் கோவம் இல்லை."

"பதில் சொன்னது ஆர்? மாதாவோ?"

"வாயில கேக்கை வைச்சுக்கொண்டு கதைக்காதை."

மத்தேயு சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, பையை எடுத்து உள்ளே வைத்தார். கரிந்த தகரத்தைக் கிணற்றடியில் வைத்து மணல் போட்டு உரஞ்சிக்கொண்டிருந்தேன். யார் முதல் கதைத்தது என்று அங்கே இன்னும் முடிவாகவில்லை.