அப்பா பக்கம், அம்மா பக்கம்

பெட்ரோல் பங்க் வரிசையில் ஸ்கூட்டரோடு நின்றபோது அந்த வாசனை மூக்கில் ஏற, உத்திரமேரூரில் திருப்புலிவனம் போகும் சாலையோரம் நான் வளர்ந்த, அப்பாவின் மெக்கானிக் கொட்டகை கண்முன் வந்துவிட்டது. சாலையை அகலப்படுத்தியதில் இன்று அங்கே ஒரு தகரம்கூட இல்லை.

ரைஸ்மில்காரரின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மாதம் தவறாமல் அங்கே வரும். அதற்கு இரண்டு கார்பரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்காவிட்டால் இன்ஜின் சாமியாடும், பானெட்டுக்குள் இருந்த இடுக்கிலோ ஒரே ஆளால் இரண்டையும் எட்ட முடியாது. அதனால் அப்பா ஒரு பக்கம், சாப்பாடு கொண்டுவந்த அம்மா மறுபக்கம் என்று ஆளுக்கொரு ரப்பர் டியூபைக் காதில் வைத்துக் குனிந்து, அவரவருக்குக் கேட்கும் காற்றுச் சத்தத்தை வாயால் சீறிக் காட்டிக்கொண்டே ஸ்குரூவைத் திருகுவார்கள்.

“ஸ்ஸ்ஸ்” என்பார் அப்பா.

“ஷ்ஷ்ஷ்” என்பாள் அம்மா.

“உன்து ஜாஸ்தியா கீது மே, கொறை.”

“இன்னாயா ஜாஸ்தி? உன் காதுதான் மந்தமா கீது.”

சண்டை போட்டபடியே சீறிச் சீறி, இரண்டும் ஒரே சத்தமாகிறபோது இன்ஜின் ஆட்டம் அடங்கித் தையல் மெஷின்போல ஓடும். இருவரும் கரி முகத்தோடு சிரிப்பார்கள்.

அப்பா இப்போது இல்லை.

ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கும் வாசனை எட்டியிருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் மெதுவாக “ஷ்ஷ்ஷ்” என்றாள். பிறகு, பதிலுக்குக் காத்திருப்பவள்போல என் பக்கம் காதைச் சாய்த்தாள்.

நான் “ஸ்ஸ்ஸ்” என்றேன்.

“ஜாஸ்தியா கீது, கொறை” என்றாள்.