வெளிச்சம் பார்க்கும் வேலை

என் காதைக் குறை சொல்லுங்கள், முழங்காலைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கண்ணைச் சொன்னால் மட்டும் எனக்கு ஆகாது. பதினோரு வருஷம் இந்தக் கண்ணை வைத்துத்தான் சோறு தின்றேன்.

ஜோகுபாளையத்திலிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தால், ஊர் முடிகிற இடத்துக்கும் அப்பால் ஒரு கன்டெய்னர் யார்டு. எங்கள் சந்தில் என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. "கடலு மெட்ராஸ்ல கிடக்குது. நீ பெங்களூர்ல இன்னா கப்பல் வேலை செய்யறே?" என்பார்கள். சிரிக்கட்டும். சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிற இரும்புப் பெட்டிகள் ரயிலிலும் லாரியிலும் இங்கே வரும். சரக்கை இறக்கியதும் காலிப் பெட்டி எங்கள் யார்டுக்கு வந்து சேரும். நாங்கள் கூட்டிக் கழுவி, இது நல்ல பெட்டி என்று சொன்னால்தான், அது கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சட்டையும் பேன்ட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பக் கப்பலுக்குப் போகும்.

நல்ல பெட்டியா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு எங்களிடம் மெஷின் கிடையாது. ஓர் ஆள் உள்ளே போக வேண்டும். இன்னோர் ஆள் வெளியே நின்று இரண்டு கதவையும் சாத்திக் கம்பியை இறக்க வேண்டும். உள்ளே கும்மிருட்டு. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் கண் பழகும். அப்புறம் கூரை, மூலை, கதவோரத்து ரப்பர் என்று ஒரு இடம் விடாமல் பார்த்து வர வேண்டும். எங்கேயாவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. வெளிச்சம் வருகிற வழியில் தண்ணீரும் வரும். நீளக் குச்சி நுனியில் சாக்பீஸைக் கட்டி அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவேன். என் வட்டத்துக்குக் கீழே ஒரு வால் இழுத்துவிடுவேன், நான் பார்த்தது என்று தெரிய. பிறகு கதவை மூன்று தட்டு தட்டினால், வெளியே இருப்பவள் திறப்பாள்.

சித்திரை வெயிலில் அந்த இரும்புக்குள் நின்று பார்த்தால் தெரியும். ஒன்றில் மருந்து நெடி, ஒன்றில் அழுகின வெங்காயம். நான் வெளியே வர நேரமானால் லாரி டிரைவர் ஒருவர் கத்துவார். "என்னக்கா, உள்ளயே குடித்தனம் போயிட்டியா? பால் காய்ச்சறப்ப கூப்புடு!"

வெளியே நின்றவள் எங்கள் சந்துக்காரி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களோடு தவித்துக்கொண்டிருந்தாள். நான்தான் கான்ட்ராக்டரிடம் பேசி வேலையில் சேர்த்துவிட்டேன். பத்தாவது படித்தவள், இங்கிலீஷ் எழுதுவாள். எனக்கு அப்போது என் பேரைத் தமிழில் எழுத வரும், பஸ் நம்பர் தெரியும், அவ்வளவுதான். இதை எழுதுகிற அளவுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டது வேலையை விட்ட பிறகு. அதனால் நான் வெளியே வந்து சொல்வேன், அவள் தாளில் எழுதிக்கொள்வாள். சாயங்காலம் தாளை நீட்டி விரல் வைப்பாள். விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இரும்புப் பெட்டிக்குள் என்னை வைத்துச் சாத்துகிறவளை நம்பாமல் யாரை நம்புவது?

அந்த டிரைவர்தான் துறைமுகத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர். கேட்டில் பெட்டியின் நம்பரைப் பார்ப்பார்களாம், கதவில் போட்ட சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கிரேன் தூக்கி மாடி மாடியாக அடுக்கும். கனமான பெட்டி கப்பலின் அடியில், லேசானது மேலே. போகிற வழியில் வேறொரு பெரிய துறைமுகத்தில் இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றுவார்களாம்.

"எங்கயாவது கதவைத் தொறந்து பாப்பாங்களா?" என்று கேட்டேன்.

"அதிகாரிங்க சந்தேகப்பட்டா தொறப்பாங்க. இல்லாட்டி எவனும் தொட மாட்டான். நீ இங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, அந்தக் கடைசி வரைக்கும் உன் பேச்சுதான்க்கா."

அதைக் கேட்ட நாளிலிருந்து நான் இன்னும் நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தேன். என் பேச்சு கடல் தாண்டிப் போகிறது என்றால் சும்மாவா?

ஒரு மழைக்காலம். நல்ல பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு. ரயில் புறப்பட வேண்டும், அதை விட்டால் சென்னையில் அந்தக் கப்பலுக்குப் பெட்டி வாங்கும் நேரம் முடிந்துவிடும். சூப்பர்வைசர் கன்னடக்காரர், நல்ல மனுஷர்தான், அன்றைக்குக் குதித்துக்கொண்டிருந்தார். "பேகா பேகா அம்மா! இன்னும் ஒண்ணே ஒண்ணு சிக்கினா சாகு!" சீக்கிரம், இன்னும் ஒன்று கிடைத்தால் போதும் என்று.

அந்த ஒன்றில்தான் நான் பார்த்தேன். கூரையின் இடது மூலையில், அரிசிக் குருணை அளவு வெளிச்சம். வட்டம் போட்டேன், வால் இழுத்தேன், மூன்று தட்டு தட்டினேன்.

"ஓட்டைம்மா. எடது மூலை. தள்ளி வைக்கச் சொல்லு."

"சரிக்கா," என்றாள். அடுத்த பெட்டிக்குள் போய்விட்டேன். சாயங்காலம் அவள் விரல் வைத்தாள், நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்துச் சென்னையிலிருந்து சர்வேயர் ஒருவர் வந்தார். சரக்கு கெட்டுப்போனால் விசாரிக்கிறவர். ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரில் பெட்டியைத் திறந்தபோது அட்டைப்பெட்டிகள் ஊறி, சட்டையெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்ததாம். தாளைக் காட்டினார். பெட்டி நன்றாக இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். அதன் கீழே என் கையெழுத்து, தமிழில், கோணலாக.

"நான் ஓட்டைன்னு சொன்னேன் சார்," என்றேன். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். "நீயே சொல்லும்மா."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அக்காவுக்கு வயசாயிடுச்சு சார். இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல. நல்லா இருக்குன்னாங்க, எழுதிட்டேன்."

எனக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. நான் சரியாகக் கேட்டேனா என்றுதான் இருந்தது. சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, யார் சொல்லி எழுதினாள் என்று.

"உள்ள எடுத்த போட்டோ இருக்கா சார்?" என்றேன்.

சர்வேயர் போனை நீட்டினார். கூரை மூலையில், துருவுக்கு நடுவில், என் வட்டம். பாதி கரைந்திருந்தது. ஆனால் வால் அப்படியே இருந்தது. அத்தனை கடலைத் தாண்டிப் போய் எனக்காக அங்கே நின்றுகொண்டிருந்தது.

"இந்தா சார், பாருங்க. கூரை ஓட்டையைப் பார்த்த கண்ணு இது. தெரியலையாம், தெரியலை!"

அவர் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?"

படிக்கத் தெரியாது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோரு வருஷமாக அந்த யார்டில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொல்வாளா என்று பார்த்தேன். தலை நிமிரவில்லை.

"படிக்கத் தெரியாது சார்," என்றேன் கடைசியில். அத்தனை பேருக்கும் நடுவில். "அவ எழுதுவா. நான் கையெழுத்துப் போடுவேன்."

அவர் எழுதிக்கொண்டார். என் மேல் தப்பில்லை என்று எழுதினாரோ, படிக்காத கிழவி என்று எழுதினாரோ, அதுவும் எனக்குப் படிக்கத் தெரியாத தாள்தான். யாரையும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. இனிமேல் சூப்பர்வைசரே கையெழுத்துப் போடுவார் என்று மட்டும் சொன்னார்கள்.

மத்தியானம் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவள் வழக்கம்போல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. சூப்பர்வைசரு நல்லா இருக்குன்னு எழுதுன்னாரு, எழுதிட்டேன். வயசாயிடுச்சுன்னா உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னுதான் கண்ணைச் சொன்னேன். உன்னைக் காப்பாத்தத்தான்."

"எங்கண்ணை வித்தா என்னைக் காப்பாத்துனே?"

"ரெண்டு பொண்ணுங்கக்கா எனக்கு."

"தெரியும். அதுங்களுக்காகத்தான உன்னை இங்க சேத்துவிட்டேன்."

நான் பெட்டிக்குள் ஒரு காலை வைத்தேன். இன்னொரு காலை எடுத்து வைக்க முடியவில்லை. எத்தனை பெட்டி, எத்தனை இருட்டு, ஒரு நாளும் பயந்தவள் இல்லை நான். அன்றைக்கு அந்தக் கதவு சாத்தினால் மூன்று தட்டுக்குத் திறக்குமா என்று பயம் வந்தது.

காலை வெளியே எடுத்தேன். குச்சியிலிருந்து சாக்பீஸை அவிழ்த்து அவள் கையில் வைத்தேன்.

"உனக்குத்தான் கண்ணு நல்லா இருக்கே. நீ உள்ள போ."

அவள் போகவில்லை. வெளியே நின்று சாத்துவதற்கு நான் இருக்கப்போவதில்லையே. சாக்பீஸை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் கேட்டைத் தாண்டி வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.