நான் படிக்காமல் விட்ட வரி

சுங்கை பினாங் ஆற்றோரமாகப் புதுச் சாலை வந்தபோது நான் சாலை அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். ஆங்கில அறிவிப்பைத் தமிழில் படித்துச் சொல்வதும், இடிக்க வேண்டிய வீடுகளின் தூணில் தாரால் எண் போடுவதும் என் வேலை. மொத்தம் பதினோரு அத்தாப்பு ஓலை வீடுகள். எல்லாரும் சலவைத் தொழிலாளர்கள். அவர்களுக்குக் காட்டிய மாற்று இடம் ஒரு மேடு; அங்கே கிணறுகூடக் கிடையாது.

சாலைக் கோட்டுக்கு வெளியே, அதே கரையில் வீட்டை நகர்த்திக்கொள்ள விரும்புகிறவர்கள் பதினான்கு நாளுக்குள் மனுக் கொடுக்கலாம் என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை. மனு வந்தால் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். மழைக்கு முன் வேலை முடிந்தால் துரையிடம் நல்ல பெயர் கிடைக்கும். அவ்வளவுதான் காரணம்.

ஒன்பதாம் எண் வீட்டில் ஒரு விதவை இருந்தாள். என் துணியையும் அவள்தான் துவைத்தாள்.

"ஆறு இல்லாத எடத்துல துணிய எதுல அலசுறது கிராணியாரே, ஒங்க மசியிலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சட்டம்" என்று மட்டும் சொன்னேன். முதல் வாரமே நான்கு குடும்பங்கள் என் பேச்சை நம்பி வீட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டன.

பதினைந்தாம் நாள், ஜாவி எழுத்து தெரிந்த மலாய்ப் படகோட்டி ஒருவர் மரத்தில் ஒட்டியிருந்த மலாய் அறிவிப்பை அந்த விதவைக்கு முழுதாகப் படித்துச் சொன்னார்.

மறுநாள் காலை இடிக்கும் ஆட்களோடு போனேன். மலாய்க்காரர்கள் தங்கள் கம்பத்துக் கிராமங்களில் செய்வதுபோல, ஒன்பதாம் வீட்டின் அடியில் மூங்கில்களைக் கட்டி நாற்பது பேர் தோள் கொடுத்து நின்றார்கள்.

"கெடு முந்தாநாளே முடிஞ்சிருச்சு" என்றேன்.

"தெரியும் லா. மனு எழுதத்தான் எனக்குத் தெரியாது. வீட்டத் தூக்கத் தெரியும்" என்றாள் அவள்.

படகோட்டி "சத்து, டுவா, தீகா" என்று எண்ணினார். வீடு எழுந்தது. கொடியில் காய்ந்த துணியைக்கூட அவள் எடுத்திருக்கவில்லை. வெள்ளைக் கால்சட்டைகள் ஆடிக்கொண்டே போயின. அவற்றில் ஒன்று என்னுடையது. சாலைக் கோட்டைக் குறித்த முளைக்குச்சிகளுக்கு மூன்று அடி தள்ளி, சாலையைப் பார்த்தபடி வீட்டை இறக்கினார்கள். மதியத்துக்குள் மிச்சமிருந்த ஆறு வீடுகளும் அப்படியே வந்து சேர்ந்தன.

துரை வந்து, இவர்கள் மனுக் கொடுத்தார்களா என்று என்னிடம் கேட்டார். அவருக்கு மலாய் புரியும், அவளுக்கு மலாய் பேச வரும்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

மனுக்கள் கெடுவுக்குள் வந்தன, நான்தான் தொலைத்துவிட்டேன் என்று துரையிடம் சொன்னேன். திட்டு வாங்கினேன். வீடுகள் நின்றன. உண்மையை அன்றும் நான் சொல்லவில்லை. போன நான்கு குடும்பங்களும் எந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போயின என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தேடியும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அழுக்குத் துணியோடு போனேன். அவள் மூட்டையைத் தொடவில்லை.

"நான் எழுத்துப் படிக்காதவ. குறி போட்டுத்தான் துணிய அடையாளம் வச்சுக்குறேன். இத்தன வருசத்துல ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போனதில்ல. எடுத்துக்கிட்டுப் போங்க."

அதன் பிறகு அந்தக் கரையில் ஒரு வீட்டிலும் என் துணியை வாங்கவில்லை. ஓய்வு பெறும்வரை நானே துவைத்துக்கொண்டேன். அவர்கள் செய்தது சரி.