வால்டரின் கோதுமை

பர்மாவில், போட்டாதாங் ஆற்றுப் படகுத்துறையில் மூன்றாவது பிடியை வீசுகிறேன். மூன்றாவது முறையும் கடற்காகங்கள் பாய்ந்து வந்து அந்தரத்திலேயே கொத்திக்கொள்கின்றன. ஒரு கோதுமை மணிகூடத் தண்ணீரில் விழவில்லை.

ஆஸ்திரேலியாவில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் வால்டர், போர்க்காலத்தில் பர்மாவில் விமானப்படையில் இருந்தவர். அவருடைய நண்பர் விமானத்தோடு இந்த ஆற்றில் விழுந்தார், உடல் கிடைக்கவில்லை. ஊர் திரும்பிய வால்டர் சாகும்வரை கோதுமை விதைத்தார், அதைத் தின்ன வந்த பறவைகளைத் திட்டித் தீர்த்தார். தன் கோதுமையை நண்பர் கிடக்கும் ஆற்றில் போட வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. அவர் மகள் அதை ஒரு பாட்டிலில் அடைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். அது இந்தப் பறவைகளுக்கா?

“போங்க, சனியனுங்களா!” துப்பட்டாவைச் சுழற்றுகிறேன்.

பறவைத் தீனி விற்கும் தமிழர் எழுந்து வருகிறார். பர்மியர் அண்ணனுக்குச் சொல்லும் ‘கோ’ சேர்த்து, இங்கே எல்லோருக்கும் அவர் கோ மணி.

“ஏங்க்கா விரட்டுறீங்க?”

“செத்துப்போனவருக்குப் போடுறேன். ஆத்துல விழணும்.”

“யாபாதே, பரவால்லக்கா. செத்தவங்களுக்கு வச்ச சோத்தக் காக்கா தொடலன்னா நாம என்ன பாடு படுறோம்! இதுங்க கூப்பிடாமலே வருதுங்க, நீங்க ஏசுறீங்க.”

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பாட்டிலில் இருந்த கடைசிப் பிடியை வீசுகிறேன். அதே நேரம் படகு ஒன்று சங்கு ஊத, பறவைகள் மொத்தமாகக் கலைந்து பறக்கின்றன. கோதுமை அப்படியே ஆற்றில் விழுகிறது, வால்டர் கேட்டது போலவே.

“ஏய், வாங்க! எடுத்துத் தொலைங்களேன்!” என்று கத்துகிறேன்.