எட்டுக் கிலோ மகள்

என் பெரிய பெண் நாலாம் மாதத்திலேயே எட்டுக் கிலோ இருந்தாள். வெறும் தாய்ப்பால்தான், வேறு ஒரு சொட்டு வாயில் விட்டதில்லை. தொடையில் மூன்று மடிப்பு. கழுத்தைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் பவுடர் போடவேண்டும். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவர் என் வீட்டுக்காரர். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில். அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியில் மூட்டை எடை போடும் வேலை. தினமும் ரயிலில் போய் வருவார். ஒரு பிடி கூடினாலும் மூட்டையைப் பிரித்து, குறைத்து, மறுபடி தைக்கவேண்டும். வருஷக்கணக்கில் இதையே செய்தவருக்கு எது கூடினாலும் கோளாறுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் பார்சல் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சரியில்லை.

“எட்டு கிலோ கீதுமே. கூட வேலை செய்றவன் புள்ளைக்கு ஏழு மாசம், ஆறரைதான் வருது.”

“வந்துட்டுப் போவட்டும். நம்ம பொண்ணு நல்லா குடிக்கிறா.”

“அதான் சொல்றேன், ரொம்பக் குடிக்கிறா. ஒடம்புல நீர் கோத்துக்கினா இன்னா பண்ணுவ? ரயில்ல எல்லாரும் அதான் சொல்றாங்க.”

ரயிலில் கூட வருகிற மீசைக்காரர்களுக்குப் பால் கொடுப்பதைப் பற்றி என்ன தெரியும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நீர் என்றதும் பெண்ணின் காலை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். முதல் பிள்ளை, கேட்டுக்கொள்ள எனக்கு அம்மாவும் இல்லை. தலையாட்டிவிட்டேன்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் ஷிப்ட் முறை அமலுக்கு வந்தது. காலை, மதியம், ராத்திரி, ஷிப்டுக்கு ஒரு தடவை பால். நடுவில் அழுதால் சர்க்கரைத் தண்ணீர். அவர் வேலைக்குப் போனபின் திருட்டுத்தனமாகக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. என் பால்தான் அவளைக் கெடுக்கிறது என்று நானே நம்பிவிட்டேன். அவள் அழ அழ என் ரவிக்கை நனையும். தோட்டத்துப் பக்கம் போய்ப் பீய்ச்சி மண்ணில் விடுவேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு வாரத்தில் மார்பு கனப்பதும் நின்றுபோனது. பெண்ணும் அழுவதைக் குறைத்துக்கொண்டாள். பழகிவிட்டாள் என்றார் அவர்.

தடுப்பூசி போட அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸம்மா தராசில் வைத்துவிட்டு, “ஏழரை” என்றார்.

“எட்டு இருந்திச்சு சிஸ்டர். நாங்கதான் கொறைச்சோம்” என்றார் இவர், ஏதோ மெடல் கிடைக்கப்போகிற மாதிரி. விஷயத்தையும் விவரமாகச் சொன்னார்.

நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்தார். “தாய்ப்பால் குடிச்சு கொழுகொழுன்னு கீற கொழந்தைய யாராவது பட்டினி போடுவாங்களாய்யா? தவழ்ந்து நடந்தா தானா எளைக்கப் போவுது. நீ இன்னாமா, மண்ணு மாதிரி கேட்டுக்கினு இருந்தியா?”

நான் பெண்ணைத் தராசிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

“உக்காரு. இங்கியே குடு.”

பெஞ்சு நிறைய ஆட்கள். இவர் தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பெண் வாய் வைத்தாள். சப்பினாள், விட்டாள், சிணுங்கினாள், மறுபடி சப்பினாள். வற்றிவிட்டது, என் கையாலேயே வற்றவைத்துவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மடக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. நான் அத்தனை பேர் நடுவில் விசும்பி அழுதேன்.

அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கவேண்டும். துண்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்:

“அந்தப் பக்கமும் குடுமே.”